இருபத்து மூன்றாவது அறை

பேருந்துக் கழகத் தலைமை அலுவலகத்தின் இரண்டாம் மாடியில் கட்டப்பட்டவை ஒன்பது அறைகள். கணினி வந்த மூன்றாம் ஆண்டில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை அங்கே பத்தாவதாக ஓர் அறை இருந்தது. வியாழக்கிழமைக்குள் அறைகள் பன்னிரண்டாகிவிட்டன. கட்டடப் பொறியாளர் அளவு நாடாவோடு வந்து இரண்டு முறை அளந்தார். தெருவில் நின்று அளந்தால் கட்டடம் பழைய நீளம்தான், உள்ளே நடைவழியில் அளந்தால் நாற்பது அடி அதிகம். இரண்டு அளவையும் கோப்பில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மறு வாரமே வேறு பிரிவுக்கு மாறுதல் கேட்டுப் போய்விட்டார். புது அறைகளில் விசேஷமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு கதவு, ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு நாற்காலி, சுவரோரம் ஒரு பெஞ்சு. ஜன்னலுக்கு வெளியே தெரு தெரியாது. அந்த அறை எந்த நேரத்தில் உண்டானதோ அந்த நேரத்து வெளிச்சம் மட்டும் மாறாமல் நிற்கும்.

இதற்கும் நான்காம் எண் அறையிலிருந்த கணினிக்கும் தொடர்பு உண்டு என்று கண்டுபிடித்தவள் அதைப் பார்த்துக்கொண்ட பெண். அலுவலகம் அவளை டாக்டர் என்று அழைத்தது. முதலில் கேலியாக, பிறகு பழக்கத்தில். அது ஒரு யூனிக்ஸ் கணினி, இரும்புப் பீரோ உயரம், திரையும் கீபோர்டுமாக ஐந்து டெர்மினல்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருந்துகளுக்கு மறுநாள் எந்த ஓட்டுநர், எந்த நடத்துநர், எந்த வண்டி என்று பட்டியல் போடுவது அதன் வேலை. பட்டியல் போடும் நிரல் வேலைக்காக நினைவகத்தில் இடம் கேட்டு வாங்கும், வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுக்கும். எப்போதாவது ஒருமுறை அது வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் மறந்துபோனது. காலியாக இருக்கும் நினைவகத்தின் அளவை மணிக்கொரு முறை நோட்டில் குறித்துவந்த டாக்டர், அந்த எண் ஒரு படி இறங்கும்போதெல்லாம் நடைவழியில் ஒரு கதவு கூடுவதைப் பார்த்தாள். கணினியை அணைத்து மறுபடி போட்டால் காலி நினைவகம் பழைய அளவுக்கு வந்தது, அறைகளும் ஒன்பதுக்குத் திரும்பின.

எங்கே இடம் தொலைகிறது என்று அவள் இரண்டு வருடம் தேடினாள். பிரிண்டரைச் சந்தேகப்பட்டாள், டெர்மினல் வயர்களைச் சந்தேகப்பட்டாள், கணினி விற்ற நிறுவனத்தைச் சந்தேகப்பட்டுப் பதினோரு கடிதம் எழுதினாள். நிரலின் ஒவ்வொரு பகுதியையும் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்தாள். அவள் ஓட்டும்போது அது வாங்கியதையெல்லாம் ஒழுங்காகத் திருப்பிக் கொடுத்தது. கடைசியில், காரணம் தெரியாத நோய்க்கு எல்லோரும் செய்வதை அவளும் செய்தாள். வியாழன்தோறும் மாலை நான்கு மணிக்குக் கணினியை அணைத்துப் போடுவது என்று முடிவானது. அதற்குக் கால் மணி நேரம் முன்பு ஒரு பியூன் மணியடித்துக்கொண்டு கூடுதல் அறைகளுக்குள் போய் ஆட்களை வெளியேற்றி, எண்ணி, டாக்டரிடம் வந்து சொல்வார். ஏனென்றால் அதற்குள் அந்த அறைகளில் குடித்தனம் மாதிரி ஆகிவிட்டிருந்தது. ஓட்டுநர்கள் படுத்துத் தூங்கினார்கள், சங்கத்துக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், மனைவியோடு சண்டை போட்ட ஒரு மெக்கானிக் மூன்று நாள் அங்கேயே இருந்தார். மறந்து விட்டுவந்த பொருள்கள் அறையோடு போயின; ஒரு டிபன் பாக்ஸ், இரண்டு ஜோடி செருப்பு, பியூனின் குடை. குடை மட்டும் ஏழு மாதம் கழித்துப் பன்னிரண்டாவது அறையில் அதே ஆணியில் தொங்கியது. அது இன்னும் ஈரமாக இருந்தது, தரையில் சொட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் அன்றைக்கும் நோட்டைப் புரட்டினாள், ஒன்றும் பிடிபடவில்லை.

பட்டியல் போடும் எழுத்தர் டாக்டரின் சொந்த அண்ணன். அவரைப் பட்டியல்காரர் என்பார்கள். யாரிடமும் குரல் உயர்த்தாதவர், மத்தியானம் தலைவலி வந்தால் கடைசி அறையில் பத்து நிமிடம் படுத்து எழுந்து வருவார். அண்ணன், அண்ணி, டாக்டர் மூவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அண்ணியும் நாத்தனாரும் இப்படி ஒட்டிக்கொண்டு இருப்பதை அந்தத் தெரு பொறாமையோடு பார்த்தது என்று சொன்னால் மிகையில்லை.

அந்த வருடம் புது வழித்தடங்கள் தொடங்கின. ஒரு நிமிடம்கூடக் கணினியை நிறுத்தக்கூடாது என்று மேலாளர் உத்தரவு போட்டார். முப்பத்தோரு நாள், எந்த வியாழக்கிழமையும் மணி அடிக்கவில்லை. அறைகள் இருபத்து மூன்றாகின. முப்பத்திரண்டாம் நாள் திங்கள்கிழமை காலை பதினொரு மணிக்கு, மாற்றுப் பணியாளர்களின் பட்டியல் பாதி அச்சாகிக்கொண்டிருந்தபோது, கணினி ஹேங் ஆனது. ஐந்து டெர்மினலிலும் எழுத்துகள் அப்படியே நின்றன, எந்தக் கீயை அழுத்தினாலும் பதில் இல்லை. கீழே முந்நூறு பேர் வேலைச்சீட்டு இல்லாமல் சத்தம் போட்டார்கள். கூட்டத்தை அடக்க மணியடிக்கும் பியூனையும் கீழே அனுப்பியிருந்தார்கள். மேலாளர் நான்காம் அறை வாசலில் வந்து நின்று, அணைத்துப் போடு என்றார். பிறகு அவருக்கே ஞாபகம் வந்து, அந்தப் பக்கத்து அறைகளில் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டார். டாக்டர் அண்ணனின் நாற்காலியைப் பார்த்தாள். அது காலியாக இருந்தது. பதினொரு மணி அவர் டீ குடிக்கக் கீழே போகும் நேரம் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியும்.

“யாரும் இல்ல சார்” என்றாள்.

கணினி ஆறு நிமிடத்தில் எழுந்தது, பேருந்துகள் கிளம்பின. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு அண்ணனைத் தேடினாள். டீக்கடைக்காரர் இன்றைக்கு அவர் வரவே இல்லையே என்றார். தலைவலி என்று கடைசி அறைப் பக்கம் போனதைப் பார்த்ததாக ஒரு தட்டச்சர் சொன்னார். நடைவழி ஒன்பதாவது அறையோடு முடிந்திருந்தது. டாக்டர் அந்தச் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தாள், காதை வைத்துக் கேட்டாள். மாலை வரை அங்கேயே நின்றாள் என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள்.

அவள் வீட்டுக்குப் போய் நடந்ததை நடந்தபடி அண்ணியிடம் சொன்னாள். அண்ணி கேட்டது ஒரே கேள்வி.

“நீதான அணைச்ச?”

“நான்தான் அண்ணி.”

அதன் பிறகு நான்கு வருடம் அண்ணி அவளிடம் பேசவில்லை. சோறு போட்டாள், துணி மடித்து வைத்தாள், காய்ச்சல் வந்தபோது நெற்றியில் ஈரத்துணி போட்டாள். பேசவில்லை. அலுவலகம், முன்னறிவிப்பின்றிப் பணிக்கு வராததற்கு விளக்கம் கேட்டுப் பட்டியல்காரருக்கு மாதம் ஒரு கடிதம் அனுப்பியது. அண்ணி அவற்றைப் பிரிக்காமல் அவருடைய சட்டைகளுக்கு அடியில் அடுக்கினாள்.

இதில் கொடுமை என்னவென்றால், அந்தத் திங்கள்கிழமைக்குப் பிறகு கணினிக்கு நோயே வரவில்லை. புது எழுத்தர் வந்தார், பட்டியல் போட்டார், நினைவகம் ஒரு துளி குறையவில்லை. மேலாளர் டாக்டரைக் கூப்பிட்டு ஆண்டு விழாவில் பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார். எப்படிச் சரிசெய்தீர்கள் என்று எல்லோரும் கேட்டார்கள். அவள் சரிசெய்யவில்லை என்பதும், மறுபடி கெடுக்கத் தெரியாமல் தவிக்கிறாள் என்பதும் அவளுக்கு மட்டும்தான் தெரியும். குடை திரும்பி வந்தது என்றால் அண்ணனும் வரலாம். அதற்கு நடைவழி நீள வேண்டும், நீள வேண்டுமென்றால் இடம் தொலைய வேண்டும். இரண்டு வருடம் ஒரு பிழையை ஒழிக்கத் தேடியவள், இன்னும் நான்கு வருடம் அதே பிழையை வரவழைக்கத் தேடினாள். நிரலை முழுதாக அச்செடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். சாப்பாட்டு மேசை காகிதத்தால் நிறைந்தது, அண்ணி ஓரத்தில் ஒரு தட்டு வைக்கும் அளவுக்கு ஒதுக்கிக்கொண்டாள்.

அண்ணனின் டெர்மினலை மட்டும் அவள் தொடவில்லை. துணி போட்டு மூடியிருந்ததை எடுக்க மனம் வரவில்லை. கழகம் புதுக் கணினிகள் வாங்க முடிவெடுத்து, பழையவற்றை இரண்டு மாதத்தில் கழித்துக்கட்டுவதாகச் சுற்றறிக்கை வந்தபோதுதான், பொருள்களைக் கணக்கெடுக்க அந்தத் துணியை எடுத்தாள். கீபோர்டில் எல்லா எழுத்துகளும் பளிச்சென்று இருந்தன. வலது மூலையில் டிலீட் கீ மட்டும் எழுத்தே இல்லாமல் வழவழவென்று தேய்ந்திருந்தது. அந்தக் கணினியில் அது ஓடும் வேலையைப் பாதியில் நிறுத்தும் கீ. பட்டியல் போடுகிறவருக்கு அதைத் தொடும் அவசியமே கிடையாது. டாக்டர் கீழே போய் ஊழியர்களிடம் ஒவ்வொருவராக விசாரித்தாள்.

விஷயத்தை அவளுக்கு உடைத்துச் சொன்னவர் ஒரு நடத்துநர். எப்போதும் பேருந்தின் பின்வாசலில் தொங்கிக்கொண்டே வருவதால் அவருக்குப் பின்கதவு என்று பெயர். ஊழியர்கள் அவசரத்துக்கு ஒருவருக்கொருவர் வேலைநாளை மாற்றிக்கொள்வது உண்டு. நிரல் முதலில் பட்டியலை மாற்றும், நான்கு விநாடி கழித்து மேலாளருக்குப் போகும் அறிக்கையில் அதை ஒரு வரியாக எழுதும். ஒரு மாதத்தில் மூன்று வரி சேர்ந்தால் அந்த ஆளுக்கு வார விடுமுறை போய்விடும். பட்டியல்காரர் அந்த நான்கு விநாடிக்குள் டிலீட்டை அழுத்திவிடுவார். மாற்றம் நிற்கும், வரி வராது.

“யார் கேட்டாலும் செய்வாரும்மா. ஒரு டீ கூட வாங்கிக் குடிச்சதில்ல. வெளிய சொல்லாதீங்கன்னு மட்டும் சொல்வாரு” என்றார் பின்கதவு.

டாக்டர் நான்காம் அறைக்கு ஓடினாள். ஒரு மாற்றத்தைப் பதிந்து, நான்கு விநாடிக்குள் டிலீட்டை அழுத்தினாள். நிரல் முதல் திரைக்குத் தாவியது. தாவுகிற அவசரத்தில், மறுநாள் பட்டியல் முழுவதற்கும் வாங்கி வைத்திருந்த இடத்தை அப்படியே விட்டுவிட்டு வந்தது. ஆறு வருடமாக அவள் அதை எல்லா விதத்திலும் சோதித்திருந்தாள், எந்த வேலையையும் பாதியில் நிறுத்தியது மட்டும் இல்லை. அவள் வளர்ந்த விதம் அப்படி. வெளியே வந்து பார்த்தாள், பத்தாவது கதவு இருந்தது. உள்ளே யாரும் இல்லை.

குடையின் மர்மமும் அதோடு தீர்ந்தது. பின்கதவு சொன்னதை வைத்துப் பார்த்தால், குடை தொலைந்த வாரமும் திரும்பிய வாரமும் அதே மூன்று மாற்றங்கள் அதே வரிசையில் நடந்திருந்தன. பின்கதவும் அவருடைய சகலையும் அவர்களுடைய ஓட்டுநரும் நாள் மாற்றிக்கொண்டவை. வரிசை அதுவாக இருந்தால் அறையும் அதுவாக இருக்கும். ஆகவே அண்ணன் போன இருபத்து மூன்றாவது அறை வர, அந்த முப்பத்தோரு நாளில் நடந்த பதினான்கு மாற்றங்களையும் அதே வரிசையில் மறுபடி செய்ய வேண்டும். அறிக்கையில் ஒன்றுகூட இல்லை. அண்ணன் அந்த அளவுக்குச் சுத்தமாக வேலை செய்திருந்தார்.

முதலில் கணினியைச் சுத்தமாக அணைத்துப் போட்டாள். அந்த முறை தகவலைச் சேமிக்கும் அதன் வட்டு எழுந்திருக்கும்போது பத்து நிமிடம் கீச்சிட்டது. பார்க்க வந்த கணினி மெக்கானிக், இனி இதை அணைக்காதீர்கள், அணைத்தால் எழும் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அன்று மாலை டாக்டர் வீட்டில் எல்லாவற்றையும் அண்ணியிடம் சொன்னாள். மறுநாள் காலை அண்ணி செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் அவளுக்காகக் காத்து நின்றாள்.

இரண்டு பெண்களும் ஏழு வாரம் வீடு வீடாகப் போனார்கள். ஓய்வு பெற்றவர்கள், வேறு பணிமனைக்குப் போனவர்கள், நடக்க முடியாமல் கிடப்பவர்கள் என்று எல்லோரையும் பிடித்தார்கள். ஆச்சரியம், யாரும் மறந்திருக்கவில்லை. ஒருவர் அம்மாவுக்கு அறுவை சிகிச்சை நடந்த நாள் என்று தேதி சொன்னார். ஒருவர் பிள்ளையைப் பள்ளியில் சேர்க்க வரிசையில் நின்ற நாள் என்றார். ஒருவர் சும்மா தூங்கத்தான் கேட்டேன் என்று சொல்லிவிட்டு அழுதார். பதின்மூன்று மாற்றங்கள் கிடைத்தன. கிடைக்காத அந்த ஒன்று, வாயே திறக்காததால் சைலன்சர் என்று பெயர் வாங்கிய ஓர் ஓட்டுநருடையது. அவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவருடைய மனைவி, அந்த மாதம் முழுக்க அவர் ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனாரே என்றாள். இல்லை, ஒரு நாள் போகவில்லை என்று டாக்டர் மெதுவாகச் சொன்னாள்.

“அப்ப அன்னைக்கு எங்க போனாரு?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

தேவையில்லாமல் ஒரு வீட்டில் கல்லெறிந்துவிட்டு வந்த மாதிரி இருவரும் தெருவில் தலைகுனிந்து நடந்தார்கள். சைலன்சருக்குப் பதிலாக வண்டி ஓட்டிய ஆள், அது வரிசையில் எட்டாவதாக இருக்கலாம், பத்தாவதாகவும் இருக்கலாம் என்றார். அதற்கு மேல் அவரை உலுக்கியும் பயனில்லை. டாக்டர் வண்டிகளின் பழுது நோட்டுகளை வாங்கி இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தாள். எட்டாவதுதான் என்றாள், சந்தேகமே இல்லை என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, காலியான அலுவலகத்தில், டாக்டர் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து டிலீட்டை அழுத்தினாள். ஒவ்வொரு முறையும் அண்ணி நடைவழிக்குப் போய்க் கதவைத் திறந்து பார்த்துவிட்டு வந்து, அறை வந்துவிட்டது என்று தலையசைத்தாள். பதினான்காவதை அழுத்தியதும் கணினி அன்றைக்குப் போலவே ஹேங் ஆனது. இருவரும் இருபத்து மூன்றாவது அறைக்கு ஓடினார்கள். ஜன்னலில் வெயில் நின்றது. பெஞ்சு காலியாக இருந்தது. அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போது அந்தச் சுவருக்கு அப்புறத்திலிருந்து ஒருவர் இருமினார்.

“பாப்பா, நீயா? மெஷின் ஓடுதா?” என்று அண்ணனின் குரல் கேட்டது.

அந்தப் பக்கம் அறை கிடையாது, கதவு கிடையாது, கட்டடமே கிடையாது. டாக்டருக்கு உடனே விளங்கியது. சைலன்சரின் மாற்றம் பத்தாவதாக இருந்திருக்க வேண்டும். அதை இடம் மாற்றிப் போட்டதால் ஒரு சுவர் தள்ளிப் போயிருக்கிறது. அவள் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாகச் சொன்னாள். இப்போது எனக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது, ஒரே ஒரு தடவை அணைத்துப் போட்டு வரிசையை மாற்றிச் செய்தால் அண்ணன் இந்தப் பெஞ்சில் இருப்பார் என்றாள். வட்டு எழாமல் போனால் என்று அண்ணி கேட்கவில்லை. அது அவளுக்கும் தெரியும்.

“அன்னைக்கும் உனக்கு நிச்சயமா தெரிஞ்சுதான் இருந்துச்சு” என்றாள் அண்ணி. “வேணாம். இது போதும்.”

டாக்டர் சுவர்ப் பக்கம் திரும்பி, இன்னும் ஓடவில்லை அண்ணா, பார்த்துக்கொண்டிருக்கிறேன், நீ படு என்றாள். சரி, பத்து நிமிடம் என்றார் அவர்.

மறுநாளே பட்டியல் வேலை முதல் மாடிக்கு வந்த புதுக் கணினிகளுக்குப் போனது. பழையதைக் கழித்துக்கட்ட வந்தவர்களை அலுவலகமே தடுத்தது. அறைகள் கூடிய இரண்டாம் வாரத்திலேயே மருத்துவப் பிரிவு பத்தாவது அறைக்கும், உதிரிபாகக் கிடங்கு பதினொன்று முதல் பதினைந்து வரைக்கும், சங்கம் பதினாறுக்கும் குடியேறிவிட்டிருந்தன. இத்தனை அறைகளை விட்டுக்கொடுக்க எந்தப் பிரிவும் தயாராக இல்லை. நின்றுபோன கணினி நின்றபடியே ஓட வேண்டும் என்று சுற்றறிக்கை வந்தது. அதன் மின்சாரத்துக்குத் தனி வயரும் தனி ஜெனரேட்டரும் வைத்தார்கள். கடைசி அறை மட்டும் யாருக்கும் ஒதுக்கப்படவில்லை. அண்ணி அங்கே தையல் மிஷினைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டாள். வாசலில் கையெழுத்து வாங்கும் காவலாளி அவளை ஊழியர் என்றே நினைத்தார், பிறகு வந்த மேலாளர்களும் அப்படியே நினைத்தார்கள்.

அண்ணனுக்கு அங்கே எப்போதும் அந்தத் திங்கள்கிழமை பதினொரு மணிதான். படுத்திருப்பார், விழிப்பார், கேட்டதையே கேட்பார், நேற்றுப் பேசியது அவருக்குத் தெரியாது. டாக்டர் தினமும் காலையில் வந்து இன்னும் ஓடவில்லை அண்ணா என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போவாள். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவள் ஓய்வு பெற்றாள், அதன் பிறகும் பேருந்து பிடித்து வந்து சொல்லிவிட்டுப் போனாள். வீட்டில் அண்ணி இப்போது அவளிடம் பேசுகிறாள், ஆனால் கொஞ்சமாக. பதினெட்டாம் வருடமோ பத்தொன்பதாம் வருடமோ, ஒரு நாள் அண்ணி தைத்துக்கொண்டே சுவரோடு ஏதோ பேசியபோது, அப்புறத்திலிருந்து அவர் குறுக்கிட்டார்.

“உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு? காலையில நல்லாத்தான இருந்த. தொண்டை கட்டியிருக்கா?” என்று கேட்டார்.

“ஆமாங்க, கொஞ்சம்.”

“சுடுதண்ணி குடி. சரியாயிடும்.”

அண்ணி சரி என்றாள். மிஷினை மூடிவிட்டு, நடைவழியின் இருபத்து மூன்று கதவுகளையும் கடந்து, படியிறங்கி வீட்டுக்கு வந்து, அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.